செம்பரம்பாக்கத்து ஏரியும் பங்கீட்டு நியாயமும்

தொண்டை நாடு ஆற்றை நம்பி வாழ்ந்த நாடன்று. ஏரியை நம்பி வாழ்ந்த நாடு. பாலாறும் கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் சில நாள் பெருகி, ஏனைய நாளெல்லாம் மணலாய்க் கிடந்தவை. பெய்யும் மழையைச் சரிவு பார்த்துக் கரையிட்டுத் தேக்கி, ஒரு போகமேனும் நெல் விளைவிக்க வேண்டிய கட்டாயம் இந்நாட்டு உழவர்க்கு இருந்தது. பூந்தமல்லிக்கு அப்பால், குன்றத்தூருக்கும் திருமழிசைக்கும் அண்மையில் விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி அத்தகைய நீர்நிலைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இன்றைய கணக்கில் அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முழு நீர்மட்டம் 24 அடி.

ஏரி நிறைவது வானத்தின் செயல். நிறைந்த நீர் யாருக்கு, எவ்வளவு, எந்த வரிசையில் என்பது மனிதரின் முடிவு. ஓடும் ஆற்றில் ஒருவன் எடுத்த பின்னும் மேலிருந்து வரும் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு. ஏரி நீரோ கண்ணுக்கு முன் அளந்து வைத்த பண்டம். கரைமேல் நின்று பார்த்த மாத்திரத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிடுவார். தலைமடைக்காரன் ஒரு நாழிகை கூடுதலாக மடை திறந்தால், கடைமடைக்காரனின் பயிர் ஒரு நாழிகை குறைவாக நனையும். ஆகவேதான் எது நியாயமான பங்கு என்னும் வினா இம்மண்ணில் ஏட்டுச் சிந்தனையாகத் தோன்றாமல் வரப்புச் சண்டையாகத் தோன்றியது; அதற்கான விடைகளும் வழக்கமாகவே உருவாயின.

அவ்விடைகளுள் பழமையானதும் பலராலும் போற்றப்படுவதும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் உள்ளது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்விரு சாசனங்களும் குடவோலை முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகளிலிருந்து பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் எடுத்த ஓலையே தீர்ப்பு. ஏரியைக் காக்கும் ஏரி வாரியத்துக்கு அவ்வாறு 6 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். பொதுச்சொத்தை ஆள்பவன்மீது இவ்வளவு ஐயம் கொண்ட சட்டங்கள் பிற்காலத்திலும் அரியவையே.

ஆயினும் அச்சாசனங்களைப் புகழும் மேடைகளில் ஒரு பகுதி விரைவாகக் கடந்து செல்லப்படுவது வழக்கம். ஓலையில் பெயர் இடம்பெற வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். அது பிரமதேய ஊர். சபை அந்தணர் சபை. குடத்துக்குள் விழுந்த ஓலைகளுக்கிடையே பாகுபாடு இல்லை. எவருடைய ஓலை குடத்துக்குள் விழலாம் என்பதிலேதான் பாகுபாடு முழுவதும் அடங்கியிருந்தது. தொண்டை மண்டலத்துப் பங்கீட்டு வரலாறு நெடுகிலும் இந்த இரட்டைத் தன்மை தொடர்வதைக் காணலாம்.

இதனை நுணுக்கமாக எழுதி வைத்தவர் தமிழ் அன்பர்கள் வேறொரு காரணத்துக்காக நன்கறிந்தவர்: திருக்குறளுக்கு ஆங்கில உரை எழுதிய எல்லிஸ். 1818இல் சென்னையில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவர் 27 கிணறுகள் வெட்டுவித்ததை ராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. அதே ஆண்டில் அச்சேறியதுதான் மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 வினாக்களுக்கு அவர் அளித்த விடைகளின் தொகுப்பு. தமிழ்ப் புலமையாளரான சங்கரையர் இப்பணியில் அவருக்குத் துணைநின்றார். குறள் உரைக்காக நினைக்கப்படும் அளவு எல்லிஸ் இந்நூலுக்காக நினைக்கப்படாதது தமிழ்ச் சூழலின் குறையே எனலாம்.

எல்லிஸ் கூறும் ஊர்களில் நிலம் தனித்தனி மனிதரின் உடைமையாகக் கருதப்படவில்லை. ஊர் முழுதும் இத்தனை பங்கு எனக் கணிக்கப்பட்டது. ஒருவனிடம் இருந்தது இந்த வயல், அந்த வயல் என்பதன்று. ஊரில் ஒரு பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு என்பதே. பங்குகளை நிலையாகப் பிரித்துக்கொண்ட ஊர் அறுதிக்கரை எனப்பட்டது. பிரிக்காமல் பொதுவில் வைத்திருந்த ஊர் பசுங்கரை. பசுங்கரை ஊர்களில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வயல்களை மீண்டும் பிரித்துச் சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டனர். இதற்குக் கரையீடு என்று பெயர்.

கரையீட்டின் அழகு எளிதில் புலப்படுவதன்று. மதகின் அருகே உள்ள வயலுக்கும் ஏரியின் கண்ணுக்கெட்டாத் தொலைவில் உள்ள வயலுக்கும் விலை ஒன்றன்று. களிமண், மணற்பாங்கு, உவர் என மண்ணும் வேறுபடும். ஒவ்வொரு பங்கிலும் நல்லதும் தீயதும், அண்மையும் சேய்மையும் கலந்து வரும்படி கூறு போட வேண்டும். கூறு போடுகிறவருக்கே எந்தக் கூறு தமக்கு விழும் எனத் தெரியாது. ஒரு கூற்றைக் கொழுக்க வைத்தால் அது பகையாளியின் கைக்குப் போகலாம். ஆகவே எல்லாக் கூறுகளையும் ஒப்பச் செய்வதே தன்னலத்துக்கும் உகந்தது. தன் இடம் எதுவாகும் என அறியாத நிலையில் வகுக்கும் விதியே நீதியான விதி என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் எழுதி உலகப் புகழ் பெற்றார். அவர் கற்பனையில் வைத்த அந்த அறியாமைத் திரையைச் செங்கற்பட்டுச் சீமையின் பங்காளிகள் ஓலைச் சீட்டில் வைத்திருந்தனர்.

இலங்கையின் வறண்ட பகுதிக் குளங்களில் இதற்கு உறவான வழக்கம் ஒன்று உண்டு. சிங்கள உழவர் அதனைப் பெத்ம என்பர். குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் வயல் முழுவதையும் பயிரிட முயல்வதில்லை. குளத்தை ஒட்டிய பகுதியை மட்டும் பயிரிட்டு, அதனைக் கடைமடைக்காரர் உட்பட அனைவருக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுத்துவிடுவர். வயல் எவனுடையது என்னும் உரிமை அவ்வாண்டு உறங்கும். பங்கு என்னும் உரிமை விழித்திருக்கும். நிலவுடைமையைவிட நீர்ப்பங்கு மூத்தது என்னும் எண்ணம் இவ்விரு வழக்கங்களுக்கும் அடியில் உள்ளது.

இனி, வாய்க்காலில் பிரிந்த நியாயம் அறுவடைக்குப் பின் களத்தில் எவ்வாறு பிரிந்தது என்பது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த பின், தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். ஊர்க்கணக்கர்கள் ஓலையில் எழுதியதே அதற்கு மூலம். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அக்கணக்குகளின்பால் ஆய்வாளர் தரம்பால் கவனத்தைத் திருப்பினார். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் ஓலைக் கணக்குகள் 2001இல் நூலாகவும் வெளிவந்தன.

இக்கணக்குகள் காட்டும் களம் ஒரு சிறு அரசு போன்றது. அறுத்த நெல் அம்பாரமாய்க் குவிந்ததும், அரசின் மேல்வாரமும் உழுதவனின் குடிவாரமும் பிரிவதற்கு முன்னரே பலருக்கும் உரியது எடுத்துவைக்கப்பட்டது. கோயிலுக்கு, மடத்துக்கு, சத்திரத்துக்கு. கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு, நாவிதனுக்கு, வண்ணானுக்கு. வைத்தியனுக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கு. ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நினைக்கத்தக்கது. கரையைப் பழுது பார்க்கும் செலவு அதிலிருந்தே வந்தது. இப்பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். சுதந்திரம் என்னும் சொல் இன்று தரும் பொருளைத் தருவதற்கு முன், ஊர் விளைச்சலில் ஒருவனுக்குப் பரம்பரையாய் உரிய நெல்லைக் குறித்தது. வண்ணானுக்குக் கிடைத்தது துணிக்குக் கூலியும் அன்று, இரந்து பெற்ற பிச்சையும் அன்று. மறுக்கப்பட்டால் வழக்குத் தொடுக்கத்தக்க உரிமை.

ஏரிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், தொண்டை நாட்டின் வளத்தை விரித்துரைக்கத் தேர்ந்தெடுத்த இடம் எந்த அரசனின் புராணமும் அன்று. காஞ்சியில் அடியார்தம் ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணமே. நாட்டின் முழு வளத்தையும் ஒரு வண்ணார் குலத்தவரின் வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க முடிந்த அப்பார்வைக்கு, தொழிலாளரையும் பங்காளராய்க் கொண்ட களத்து வழக்கம் பின்புலமாய் இருந்திருத்தல் கூடும்.

பங்கிட்டுப் பழகிய சமூகத்தில் நியாயத்தின் அளவுகோலும் மாறுகிறது என்பதை இக்காலச் சோதனைகளும் காட்டுகின்றன. 1982இல் ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் அவருடைய துணைவர்களும் ஒரு விளையாட்டை வகுத்தனர். ஒருவனிடம் ஒரு தொகையைக் கொடுத்து மற்றவனுக்கு விரும்பிய பங்கைத் தரச் சொல்ல வேண்டும். மற்றவன் ஏற்றால் இருவருக்கும் உண்டு, மறுத்தால் இருவருக்கும் இல்லை. மிகக் குறைந்த பங்கைப் பலர் மறுத்தனர். கையில் வரும் காசை இழந்தாவது அவமதிப்பைத் தண்டிக்க விரும்பினர். பின்னர் ஜோசப் ஹென்ரிக்கும் பிற மானிடவியலாரும் இதனை 15 சிறு சமூகங்களில் நடத்தினர். பெரு நாட்டு மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக நான்கில் ஒரு பங்களவே தர முன்வந்தனர். குறைவானதையும் பெறுகிறவர் பெரும்பாலும் மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் லாமலேரா மக்களோ பாதிக்கும் மேல் தந்தனர். லாமலேராவினர் கூட்டாகத் திமிங்கிலம் வேட்டையாடுபவர். பிடித்த திமிங்கிலத்தின் எந்தப் பகுதி எவர்க்கு என்பது அங்கு முன்னரே வகுக்கப்பட்டது. செங்கற்பட்டுக் களத்து நெல்லைப் போன்றதே அது.

இவ்வளவு நுணுக்கமான பங்கீட்டில் ஒரு மனிதனின் இடம் மட்டும் விளங்காத புதிராக நிற்கிறது. மடை திறந்து மூடி, வயல்தோறும் முறை வைத்து நீர் பாய்ச்சியவன் நீர்க்கட்டி. பல ஊர்களில் இப்பணி சேரியில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களிடம் இருந்தது. காரணம் வெளிப்படை: அவனுக்கு நிலமில்லை, ஆதலால் தன் வயலுக்குக் கூடுதலாகப் பாய்ச்சிக்கொள்ள வழியில்லை. எவனுக்கும் சாயாதவன் என ஊர் அவனை நம்பியது. அந்த நடுநிலைக்கு ஆதாரம் அவன் நிலமற்றவனாய் வைக்கப்பட்டிருந்தமையே. துலாக்கோலைப் பிடித்த கைக்குத் தட்டில் இருந்த பண்டத்தில் பங்கில்லை. அவனுக்கு உரியது களத்து மேரை. உழைத்த பண்ணையாட்களுக்கோ பெரும்பாலும் களம் கூட்டிய மண் கலந்த நெல்லும் அதனுடன் சேர்ந்தது.

மிராசு கைமாறியபோது அதனைச் சார்ந்த பண்ணையாட்களும் உடன் கைமாறியதை எல்லிஸே பதிவு செய்துள்ளார். பங்காளிகளுக்குள் ஓலைச் சீட்டு; பங்குக்குள்ளே அடங்கிய சரக்காக மனிதர். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அறிவித்த பின்னும், நிலம் மாறாததால் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஊர்ப் புறம்போக்கும் தரிசும் விண்ணப்பித்தவர்க்குக் கிடைக்கும் தர்க்காஸ்து முறையிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. தரிசு கேட்ட சேரிக்காரனின் விண்ணப்பத்தின்மேல் மிராசுதார் தம் முன்னுரிமையைச் செலுத்தி அதனை வீணாக்கிவிட முடிந்தது. குடியிருந்த மனையே அவனுடையதன்று. எதிர்த்துப் பேசினால் மனையைவிட்டு வெளியேற நேரும்.

செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் இந்நிலையை விரிவான குறிப்பாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவே 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த ஆணை. பின்னர் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்ற நிலங்கள் அதனால் வழங்கப்பட்டன. 10 ஆண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதிலும் வழங்கப்பட்டவை சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதும், மீட்புக் கோரிக்கை நூற்றாண்டு கடந்தும் தொடர்வதும் தனி வரலாறு. அதே செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கி, எவர்க்குப் பங்குண்டு என்னும் வினாவை அச்சில் ஏற்றினார். எப்படிப் பங்கிடுவது என்பதில் ஆயிரம் ஆண்டுகள் தேர்ந்திருந்த மண்டலத்துக்கு அது புதிய வினா.

உரிமையைப் போலவே கடமையும் பங்கிடப்பட்டது. ஏரிக்கரை பலப்படுத்தல், வாய்க்கால் தூர்வாரல் ஆகியவற்றுக்கு ஊரார் ஆள் தருவது குடிமராமத்து. பங்கின் அளவுக்கு ஆள் என்பது விதி. ஆனால் ஆள் அனுப்பியவர் ஒருவர், மண் சுமந்தவர் வேறொருவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்கட்டு தளர்ந்து இவ்வழக்கம் நலிந்தபோது, கும்பினி அரசு 1858இல் கட்டாய வேலைச் சட்டம் இயற்றி அதனை நிலைநிறுத்த முயன்றது. களத்தில் ஏரிக்கு ஒதுக்கிய நெல்லை அரசின் வருவாய்க்குள் கரைத்துவிட்டு, ஏரிக்கான உழைப்பை மட்டும் சட்டத்தால் கேட்டதில் ஊரார் நியாயம் காணவில்லை. சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என விதித்தது.

இதற்கிடையே ஏரியின் கரையில் புதிய பங்காளி ஒருவர் வந்து நின்றார்: சென்னை மாநகரம். 1872இல் புழல் ஏரி நீர் நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. செம்பரம்பாக்கம் அதன் பின்னும் நெடுங்காலம் பாசன ஏரியாகவே பேசப்பட்டது. நகரம் பெருகப் பெருக, ஏரியின் பெயர் நெல்லோடு சேர்த்துச் சொல்லப்படுவது குறைந்து குழாயோடு சேர்த்துச் சொல்லப்படலாயிற்று. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மைப்படுத்தும் நிலையம் 2007இல் இங்கு இயங்கத் தொடங்கியது. ஆயக்கட்டு வயல்களில் பல மனைகளாயின.

அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு கதை சொல்கிறார். ஒரு புல்லாங்குழலுக்கு மூன்று குழந்தைகள் உரிமை கோருகின்றனர். ஒருத்திக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். ஒருவன் விளையாட வேறு பொருளற்ற ஏழை. இன்னொருத்தி அக்குழலைச் செய்தவள். மூவரின் வாதமும் நியாயமே. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தா. செம்பரம்பாக்கத்து நீரைக் கேட்பவர் வாதங்களும் இவைதாம். பல லட்சம் வாய்க்குப் பயன்படுத்துவேன் என்கிறது நகரம். வேறு வழியில்லை என்கிறான் கடைமடை உழவன். கரை கட்டியவர் எம் முன்னோர் என்கின்றன ஏரிக்கரை ஊர்கள். அக்கரைக்கு மண் சுமந்தவரின் மரபினர் சேரிகளில் இருக்கின்றனர். முன்னோர் உழைப்பைச் சான்றாகக் காட்டுவதானால் முதல் குரல் அவர்களுடையதாய் இருத்தல் வேண்டும்.

நகரத்தின் தாகம் மாநில எல்லைகளையும் கடந்தது. கிருஷ்ணை நீரிலிருந்து சென்னைக்கு மகாராட்டிரமும் கருநாடகமும் ஆந்திரமும் தலைக்கு 5 ஆயிரம் மில்லியன் கனஅடி தருவதென 1976இல் இணங்கின. மூன்று மாநிலங்களின் பரப்பும் வளமும் வேறு. பங்கு மட்டும் சமம். மூவர் மனமும் கோணாமல் முடிக்க அதைவிட எளிய கணக்கு இல்லை. 1983 ஏப்ரல் 18ஆம் நாள் ஆந்திரமும் தமிழ்நாடும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 15இல் வழியில் ஆவியாகியும் கசிந்தும் போவதற்கு 3 கழித்து, எல்லையில் கிடைப்பது 12 என முடிவாயிற்று. பங்கைத் தருபவர் மூவர். வழி இழப்பைத் தாங்குபவர் பெறுபவர் ஒருவர். நீர் வந்து சேர்ந்தது 1996இல். அதன் பின் 12 முழுமையாய் வாராத ஆண்டுகளே மிகுதி. பூண்டியிலிருந்து கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்கும் அந்நீர் வருகிறது. மூன்று மாநிலங்களின் பங்கு ஒரு தொண்டை நாட்டு ஏரியில் வந்து கலக்கிறது.

புல்லாங்குழல் கதையில் குழலால் எவர்க்கும் தீங்கில்லை. ஏரியால் உண்டு. நீர் மிகும்போது அதனை யார்மேல் விடுவது என்பதும் பங்கீடே. பழைய கணக்குகளும் அதனை மிகுதியாய்ப் பேசவில்லை. 2015 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. குடிநீருக்காக ஏரியை நிறைத்து வைப்பதும், வெள்ளத்துக்கு இடம் விட்டுக் குறைத்து வைப்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை. நிறைத்து வைத்ததன் பயன் குழாய் நீர் பெறுகிறவர் அனைவரையும் சாரும். நிறைந்தது வழிந்ததன் சேதம் ஆற்றோரத்தில் இருந்தவரைச் சாரும். நீர் வெளியேற்றிய முறையைக் குறைகூறிய தணிக்கை அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

வெள்ளம் அடுக்குமாடியின் கீழ்த்தளங்களிலும் புகுந்தது, குடிசையிலும் புகுந்தது. அந்த ஓரிரவில் பங்கு சமம் போலத் தோன்றியது. வடிந்த பின் சமமில்லை. ஆற்றைச் சீரமைக்கும் பணிக்காக அடையாற்றங்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டு, அவற்றில் இருந்த குடும்பங்கள் நகரின் தெற்குக் கோடியில் பெரும்பாக்கத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வேலை செய்த வீடுகளும் கடைகளும் பிள்ளைகள் படித்த பள்ளிகளும் பழைய இடத்திலேயே இருந்தன. செம்பரம்பாக்கத்து மதகைத் திறக்கும் நேரம் குறித்து அக்குடும்பங்களை எவரும் கேட்டதில்லை. பெரும்பாக்கத்துக்குப் போகும் நாள் குறித்தும் பெரும்பாலோரைக் கேட்கவில்லை.